மேடா, வளைவா? கையால் அடித்த ஒரு கத்தி அலகைத் தட்டையாக்கிய அனுபவம்

அடித்து முடித்து ஆறிய அலகைக் கனமான கண்ணாடித் துண்டின் மேல் வைத்து, ஒரு முனையை விரலால் தட்டினேன். டக் டக் என்று ஆடியது. கையால் அடித்த அலகு இப்படி ஆடுவது புதிதில்லை. அதற்கு நான் செய்த வைத்தியம்தான் தப்பாகப் போயிற்று. கிட்டத்தட்ட 3 மணி நேரமும், அலகின் நடுவில் முக்கால் மில்லிமீட்டர் இரும்பும் வீணாயின. அந்த அலகை எப்படி மீட்டேன், எந்த இடத்தை மட்டும் மீட்க முடியவில்லை என்பதை அளவுகளோடு எழுதுகிறேன். பெல்ட் கிரைண்டரோ மில்லிங் மெஷினோ இல்லாமல் அரமும் உப்புத்தாளும் வைத்து வேலை செய்கிறவர்கள் பலர் இதே இடத்தில்தான் சறுக்குகிறோம் என்பது என் கணிப்பு.

தட்டையாக இருப்பது வெறும் அழகுக்காக இல்லை. கத்தியின் வாய் என்பது இரண்டு முகங்கள் வந்து சந்திக்கும் கோடு. முகத்தில் பள்ளம் இருந்தால் அந்தக் கோடும் அங்கே உள்ளே வாங்கும். தீட்டும்போது கல் அந்த இடத்தைத் தொடாமல் தாண்டிப் போகும். வாய் முழுக்கத் தீட்டினாலும் நடுவில் ஒரு விரற்கடை மட்டும் மழுங்கியே இருக்கிறதென்றால், அதன் காரணம் அனேகமாக முகத்தில்தான் இருக்கும்.

கையில் இருந்தது

இரும்பு, பழைய லாரியின் ஸ்பிரிங் பட்டை. இந்தப் பட்டைகளில் பெரும்பாலும் 0.6 சதவீதம் அளவில் கார்பனும் கொஞ்சம் குரோமியமும் இருக்கும். அடிக்கவும், தோய்ச்சல் கொடுக்கவும் (சிவக்கக் காய்ச்சி எண்ணெயில் முக்கிக் கடினப்படுத்தவும்) நல்ல இரும்பு. 7 மி.மீ. கனத்திலிருந்து அடித்து இறக்கினேன். அடித்து முடித்தபோது அலகின் நீளம் 210 மி.மீ., அகலம் சுமார் 40 மி.மீ. முதுகில் கனம் காம்புப் பக்கம் (பிடி மாட்டும் பக்கம்) 5.2, நடுவில் 4.8, முனைப் பக்கம் 3.4 மி.மீ. இரண்டு முகத்திலும் சுத்தியல் தழும்புகள் இருந்தன. ஸ்டீல் ஸ்கேலை விளிம்பில் நிறுத்தி அடியில் ஃபீலர் கேஜ் (இடைவெளியை அளக்கும் மெல்லிய தகடுகள்) நுழைத்துப் பார்த்ததில், ஆழமான தழும்பு 0.4 மி.மீ.

கருவிகள்: ஒரு பெஞ்சு வைஸ், 12 அங்குல முரட்டு அரம், 8 அங்குல மென் அரம், ஒரு ஆங்கிள் கிரைண்டர், 10 மி.மீ. கனமுள்ள கண்ணாடி, 300 மி.மீ. ஸ்டீல் ஸ்கேல், கனம் அளக்க வெர்னியர், கருப்பு மார்க்கர், உப்புத்தாள்கள். நல்ல கண்ணாடி இந்த வேலைக்குப் போதுமான மட்டத்தில் இருக்கிறது. தனியாக மட்டப் பலகை வாங்க வேண்டிய அவசியம் எனக்கு இதுவரை வரவில்லை.

தப்பு நடந்த விதம்

இடது முகத்தைக் கீழே வைத்தபோதுதான் அலகு ஆடியது. நடுவில் மேடு இருக்கிறது, அதைத் தேய்த்தால் ஆட்டம் நின்றுவிடும் என்று நினைத்தேன். கிரைண்டரில் 60 நம்பர் ஃபிளாப் டிஸ்க்கை (உப்புத்தாள் மடல்கள் அடுக்கிய வட்டு) மாட்டி நடுவைத் தேய்க்கத் தொடங்கினேன். தேய்ப்பேன், கண்ணாடியில் வைப்பேன், ஆட்டம் குறைந்த மாதிரி தெரியும், மறுபடி தேய்ப்பேன். இப்படியே கிட்டத்தட்ட 3 மணி நேரம் போயிற்று. கடைசியில் இடது முகம் ஆடாமல் உட்கார்ந்தது. சந்தோஷத்தோடு அலகைத் திருப்பி வலது முகத்தை வைத்தேன். இரண்டு நுனியும் கண்ணாடியைத் தொட்டன. நடுவில் மட்டும் வெளிச்சம் தெரிந்தது. ஃபீலர் கேஜ் 1.1 மி.மீ. காட்டியது.

அப்போதுதான் வெர்னியரை எடுத்தேன். முதலிலேயே எடுத்திருக்க வேண்டும். நடுவில் 4.8 இருந்த கனம் 4.1 ஆகியிருந்தது. டிஸ்க் ஒரு நொடி சாய்ந்து பதிந்த ஓரிடத்தில் 3.8. வெளிச்சத்தைச் சாய்வாக அடித்துப் பார்த்தால் முகம் முழுக்க அலை அலையாக இருந்தது.

நடந்தது இதுதான். அந்த அலகின் நடுவில் மேடே இல்லை. அலகு முழுவதுமாக வில் மாதிரி வளைந்திருந்தது. ஒரு பக்கம் குவிந்தும் மறுபக்கம் குழிந்தும் இருந்ததை, குவிந்த பக்கம் மட்டும் பார்த்துவிட்டு மேடு என்று முடிவு செய்தேன்.

இரண்டையும் பிரித்தறிவது சுலபம். ஒரு முகத்தில் துருத்தும் இடத்துக்கு நேர் பின்னால், மறு முகத்தில் அதே அளவு பள்ளம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இருந்தால் அது வளைவு. பின்னால் பள்ளம் இல்லாமல், அந்த இடத்தின் கனம் மட்டும் பக்கத்து இடங்களைவிடக் கூடுதலாக இருந்தால் அதுதான் மேடு. வளைவுக்கு மருந்து சுத்தியல், மேட்டுக்கு மருந்து அரம். இதை மாற்றிச் செய்தால் எவ்வளவு நஷ்டம் என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 1 மி.மீ. வளைந்த அலகைத் தேய்த்தே நேராக்க வேண்டுமென்றால், ஒரு முகத்தில் நடுவையும் மறு முகத்தில் நுனிகளையும் எடுக்க வேண்டும். எல்லா இடத்திலும் சேர்த்துப் பார்த்தால் 1 மி.மீ. கனம் போய்விடும். 210 நீளம், 40 அகலம் என்றால் சுமார் 66 கிராம் இரும்பு பொடியாகப் போகும். அதே அலகைச் சூடாக்கி நாலு தட்டு தட்டினால் ஒரு கிராம்கூடப் போகாது.

மூன்றாவதாக முறுக்கும் உண்டு. காம்புப் பக்கம் ஒரு திசைக்கும் முனைப் பக்கம் வேறு திசைக்கும் திரும்பி நிற்பது. அலகு மூலைக்கு மூலை குறுக்காக ஆடினால் முறுக்கு என்று சந்தேகப்படலாம். நான் இரண்டு நேரான அலுமினியப் பட்டைகளை அலகின் இரு நுனியிலும் குறுக்கே வைத்து, ஒரு கஜம் தள்ளி நின்று ஒரு கண்ணால் பார்ப்பேன். இரண்டின் மேல் விளிம்பும் ஒன்றுக்கொன்று இணையாகத் தெரிய வேண்டும். பட்டை நீளமாக இருப்பதால் சின்ன முறுக்குகூடப் பெரிதாகக் காட்டும். இந்த அலகில் லேசான முறுக்கும் இருந்தது.

திரும்ப உலைக்கு

கிரைண்டரைக் கழற்றி வைத்துவிட்டு உலையைப் பற்ற வைத்தேன். அலகைச் சீராகச் சிவக்க வைத்து, முறுக்கைச் சரிசெய்ய காம்பை வைஸில் பிடித்து, முனைப் பக்கத்தை ஸ்பேனரால் மெதுவாகத் திருப்பினேன். வளைவை எடுக்க இரும்புச் சுத்தியலைத் தொடவே இல்லை. மரக்கட்டையின் மேல் அலகை வைத்து, குவிந்த பக்கம் மேலே இருக்க, கொட்டாப்புளியால், அதாவது மரச் சுத்தியலால், தட்டினேன். இரும்புச் சுத்தியல் அடித்த இடத்தை நீட்டிவிடும், புதிதாகத் தழும்பும் வைக்கும். மரம் வளைவை மட்டும் நிமிர்த்தும். முதுகுப் பக்கமாகக் கண்ணை வைத்து ஓட்டிப் பார்ப்பதும், இரண்டு தட்டு தட்டுவதுமாக மூன்று சூட்டில் நேராகிவிட்டது. 3 மணி நேரத் தொல்லைக்கு 15 நிமிடத் தீர்வு.

அப்புறம், அடித்ததால் உள்ளே தங்கிய இறுக்கத்தைத் தளர்த்த மூன்று முறை சூடாக்கி, ஒவ்வொரு முறையும் காற்றோட்டம் இல்லாத இடத்தில் தானாக ஆற விட்டேன். காந்தம் ஒட்டாமல் போகும் சூடு சுமார் 770 டிகிரி செல்சியஸ். அதைத் தாண்டி இன்னும் கொஞ்சம் சிவந்ததும் எடுத்துவிடுவேன். கடைசிச் சூட்டுக்குப் பிறகு, உலர்ந்த சாம்பல் நிறைந்த டப்பாவில் இரவு முழுக்கப் புதைத்து வைத்தேன். மெல்லிய அலகு சாம்பலுக்குள்ளும் சீக்கிரம் ஆறிவிடும். அதனால் ஒரு தடித்த இரும்புத் துண்டையும் சிவக்கக் காய்ச்சிப் பக்கத்தில் சேர்த்துப் புதைப்பது என் வழக்கம். ஸ்பிரிங் இரும்பு வேகமாக ஆறினால் கொஞ்சம் கடினப்பட்டுவிடும், அரம் ஏறாது. மறுநாள் காலையில் அரம் வெண்ணெயில் போவது போலப் போகாவிட்டாலும், கடித்து ஏறியது.

ராவுவதற்கு, அதாவது அரத்தால் தேய்ப்பதற்கு, முன் செதிலை எடுத்தாக வேண்டும். சூட்டில் இரும்பின் மேல் படியும் கருஞ்சாம்பல் நிற ஆக்சைடு படலத்தைத்தான் செதில் என்கிறேன். மென்மையாக்கிய இரும்பைவிட அது கடினமானது. செதிலோடு ராவினால் புது அரத்தின் பல்லும் ஒரே நாளில் மொட்டையாகிவிடும். ஒரு நல்ல அரத்தை நான் அப்படி இழந்திருக்கிறேன். வெள்ளை வினிகரில் ஒரு இரவு ஊற வைத்தால் செதில் கருஞ்சேறு மாதிரி இளகிவிடும். கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, சமையல் சோடா கரைத்த தண்ணீரில் அலசி, உடனே துடைத்து எண்ணெய் தடவினேன். எண்ணெயைத் தள்ளிப் போட்டால் அரை மணியில் துரு பூக்கும்.

ராவுதல்

அலகு நேரானதும் இன்னொரு உண்மை தெரிந்தது. இடது முகத்தின் நடுவில் நான் தேய்த்து எடுத்த முக்கால் மில்லிமீட்டர் இப்போது நிஜப் பள்ளமாக நின்றது. இல்லாத மேட்டைத் தேய்த்து, இருக்கும் பள்ளத்தை உண்டாக்கியிருந்தேன். இனி முகம் தட்டையாக வேண்டுமென்றால் இரு நுனியையும் அந்த ஆழத்துக்கு இறக்க வேண்டும். வலது முகத்தின் தழும்புகளை எடுப்பதையும் சேர்த்துக் காகிதத்தில் கணக்குப் போட்டேன். காம்புப் பக்கம் 5.2 என்பது 4.1 ஆகும், நடுவில் 3.6 நிற்கும், முனையில் 2.4. இந்த நீளமுள்ள கத்திக்கு இது போதும். 3.8 வரை இறங்கிய அந்த ஒற்றைக் குழியைத் துரத்தினால் மொத்த அலகும் மெலிந்துவிடும். அது இருந்துவிட்டுப் போகட்டும் என்று அங்கேயே முடிவு செய்தேன். ராவத் தொடங்குவதற்கு முன்பே எங்கே நிறுத்துவது என்று எழுதி வைப்பதை அதற்குப் பிறகு விடாமல் செய்து வருகிறேன்.

அலகை வைஸில் நேரடியாகப் பிடிக்கவில்லை. தடித்த ஆங்கிள் இரும்பை வைஸில் மாட்டி, அதன் மேல் அலகைப் படுக்க வைத்து, இரண்டு சி-கிளாம்ப் போட்டேன். இதில் ஒரு கவனம் வேண்டும். அடியில் இடைவெளி இருக்கும்போது கிளாம்பை இறுக்கினால் அலகு ஆங்கிளோடு சேர்ந்து வளைந்து கொடுக்கும். அப்படியே ராவித் தட்டையாக்கிக் கழற்றினால் பழைய வடிவத்துக்குத் திரும்பிவிடும், தட்டையும் போய்விடும். அடியில் இடைவெளி உள்ள இடங்களில் காகிதத்தை மடித்து வைத்து நிரப்பிவிட்டுத்தான் இறுக்க வேண்டும்.

முகம் முழுக்க மார்க்கர் மையைத் தடவி, முரட்டு அரத்தை 45 டிகிரி சாய்வில் ஓட்டினேன். அரம் தள்ளும்போதுதான் வெட்டும். திரும்பி இழுக்கும்போது அழுத்தினால் பல்தான் தேயும். ஒரு திசையில் முகம் முழுக்க ஒரு சுற்று, பிறகு எதிர்த்திசைச் சாய்வில் ஒரு சுற்று. இரண்டாவது கோடுகள் முதல் கோடுகளை எங்கே அழிக்கின்றனவோ அங்கெல்லாம் அரம் பட்டிருக்கிறது. மை அப்படியே இருக்கும் இடம் பள்ளம். மை போன இடத்தைத்தான் மேலும் ராவ வேண்டும் என்பதை மனசுக்குச் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது. கண் பள்ளத்தைப் பார்க்கும், கையும் அங்கேயே போகப் பார்க்கும்.

கை இயல்பாகவே தள்ளும் தொடக்கத்தில் பின்னாலும் முடிவில் முன்னாலும் சாயும். அதனால் அகலவாக்கில் ஓரங்கள் தேய்ந்து நடு உயர்ந்துவிடும். பத்துப் பன்னிரண்டு தள்ளலுக்கு ஒரு தடவை ஸ்கேலை அகலவாக்கில் நிறுத்தி, பின்னால் விளக்கை வைத்துப் பார்த்தேன். ஓரத்தில் வெளிச்சம் தெரிந்தால் அழுத்தத்தை நடுவுக்கு மாற்றுவேன். சாக்பீஸை அரத்தில் நன்றாகத் தேய்த்துக்கொண்டால் இரும்புத் துகள் பல்லிடுக்கில் சிக்குவது குறையும். சிக்கிய ஒரு துகள் போதும், முகத்தில் ஆழமாக ஒரு கீறல் போட்டுவிடும். அந்தக் கீறலை எடுக்க மறுபடி முகம் முழுக்க இறக்க வேண்டும். இரண்டு முகமும் இப்படி முடிய 4 மணி நேரம் ஆனது. நடுவில் வெர்னியரால் ஐந்து இடங்களில் கனத்தை அளந்து மார்க்கரால் அலகின் மேலேயே எழுதிக்கொண்டேன். ஞாபகத்தை நம்புவதைவிட இது நல்லது.

பிறகு மென் அரம். அதை அலகுக்குக் குறுக்காக இரண்டு கையாலும் பிடித்து, கட்டை விரல்கள் அலகுக்கு மிக அருகில் இருக்கும்படி வைத்து, நீளவாக்கில் ஓட்டுவது. சாய்வாக ராவியபோது விழுந்த கோடுகள் எல்லாம் அழிந்து, நீளவாக்கில் ஒரே சீரான இழைகள் வரும். எனக்கு இந்த மொத்த வேலையிலும் மிகப் பிடித்த கட்டம் இது. அரத்தின் சத்தமே மாறும். கரகரப்பு போய், பட்டுத் துணி கிழிகிற மாதிரி ஒரே சீராகக் கேட்கும். பள்ளத்தைத் தாண்டும்போது அந்தச் சத்தம் ஒரு கணம் நின்று திரும்ப வரும். கண்ணுக்குத் தெரியாத பள்ளத்தைக் காது கண்டுபிடித்துக் கொடுத்தது, இந்த அலகிலேயே இரண்டு இடத்தில்.

வாயை 1 மி.மீ. கனத்தில் நிறுத்தினேன். அதைவிட மெலிந்தால் தோய்ச்சலில் அலையாக நெளியும், வெடிக்கவும் வாய்ப்புண்டு. வாயின் நடுக்கோட்டைக் குறிக்க, வாயின் கனத்துக்குச் சமமான விட்டமுள்ள டிரில் பிட்டைக் கண்ணாடியில் படுக்க வைத்து, அதன் கூர்முனையால் அலகின் ஓரத்தில் கீறினேன். முனை சரியாக விட்டத்தின் நடுவில் இருப்பதால் கோடும் நடுவில் விழும். பின் 120, 220 நம்பர் உப்புத்தாள். கடைசிக் கோடுகள் நீளவாக்கில்தான் இருக்க வேண்டும். குறுக்காக ஆழமான கீறல் இருந்தால் தோய்ச்சலில் விரிசல் அங்கிருந்து தொடங்கக்கூடும்.

தோய்ச்சலில் மறுபடி ஒரு வளைவு

50 டிகிரிக்குச் சூடாக்கிய தாவர எண்ணெயில், முனை கீழே இருக்க நேராக இறக்கினேன், பக்கவாட்டில் அசைக்கவில்லை. எண்ணெய்க்கு இரும்புப் பாத்திரமும் உடனே மூட ஒரு மூடியும் அவசியம். தீப்பற்றினால் மூடிதான் காப்பாற்றும். வெளியே எடுத்துத் துடைத்துப் பார்த்தால் 0.6 மி.மீ. வளைவு. ஒரு முகம் இன்னொன்றைவிட மெலிந்திருந்தால் அது முந்தி ஆறும், அலகு ஒரு பக்கம் இழுக்கும். ஒரு முகத்தில் கூடுதலாக இரும்பு எடுத்த அலகில் இது நடந்ததில் எனக்கு ஆச்சரியம் இல்லை.

இந்த நிலையில் அலகைக் குளிர்ந்த பிறகு வைஸில் வைத்து நிமிர்த்தக் கூடாது. தோய்ச்சல் முடிந்து பதம் வைக்காத (மிதமாகச் சூடாக்கி உடையும் தன்மையைக் குறைக்காத) அலகு கண்ணாடி மாதிரி உடையும். முதலில் அடுப்பு ஓவனில் 200 டிகிரியில் 2 மணி நேரம் பதம் வைத்தேன். இரண்டாவது 2 மணி நேரத்துக்கு, நேரான தடித்த இரும்புப் பட்டையின் மேல் குவிந்த பக்கம் மேலே இருக்க அலகை வைத்து, இரு நுனிக்கும் அடியில் 2 மி.மீ. தக்கை கொடுத்து, நடுவில் கிளாம்பால் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கினேன். நேர்க்கோட்டைத் தாண்டி எதிர்ப்பக்கம் லேசாக வளையும்வரை இறுக்கிவிட்டு ஓவனில் வைத்தேன். ஆறிய பின் கழற்றினால் 0.1 மி.மீ.க்குள் வந்துவிட்டது.

இனி அரம் வேலைக்கு ஆகாது, அலகின் மேல் வழுக்கிக்கொண்டு போகும். கிரைண்டரையும் தொடவில்லை. மெல்லிய வாய் சில நொடிகளில் சூடேறி நீல நிறம் காட்டிவிடும். அந்த நிறம் சுமார் 300 டிகிரிக்கு வருவது, அதாவது பதம் வைத்த சூட்டைவிட மிக அதிகம். அந்த இடம் மென்மையாகிவிட்டது என்று அர்த்தம். 25 மி.மீ. அகலமுள்ள தட்டையான இரும்புப் பட்டையில் உப்புத்தாளைச் சுற்றி, சோப்புத் தண்ணீர் தெளித்து, கையாலேயே தேய்த்தேன். தாளுக்குப் பின்னால் விரலோ ரப்பரோ ஸ்பாஞ்சோ இருந்தால் தாள் பள்ளத்துக்குள்ளும் இறங்கித் தேய்க்கும். பளபளப்பு வரும், ஆனால் தட்டை வராது. 120 ஒரு சாய்வில், 220 எதிர்ச் சாய்வில், 400 நீளவாக்கில். முந்தைய தாளின் கோடு ஒன்றுகூட மிச்சமில்லாமல் போன பிறகே அடுத்த தாளை எடுத்தேன். உப்புத்தாளைக் கண்ணாடியில் விரித்து அதன் மேல் அலகைத் தேய்ப்பவர்களும் உண்டு. நான் முதலில் அப்படித்தான் செய்தேன். தாள் அலகுக்கு முன்னால் லேசாகப் புடைத்து எழும்பி, ஓரங்களை உருட்டிவிடுகிறது. தாளை முழுக்கப் பசை போட்டு ஒட்டினால் இது குறையும். ஆனாலும் வேலை எங்கே நடக்கிறது என்று கண்ணால் பார்க்க முடிவதால் பட்டையையே விரும்புகிறேன்.

400 முடிந்ததும் மேலே எரியும் டியூப் லைட்டின் பிம்பத்தை அலகில் பார்த்தேன். அலகை மெதுவாகச் சாய்க்கும்போது அந்த வெள்ளைக் கோடு நெளியாமல் நகர்ந்தால் முகம் தட்டை. வலது முகத்தில் காம்பிலிருந்து முனைவரை நேராகவே ஓடியது. இடது முகத்தில் ஓரிடத்தில் மட்டும் சின்னதாக நொடித்துப் போகிறது. முதுகுக்கு 10 மி.மீ. கீழே, விரல் நகம் அளவுள்ள அந்தப் பழைய குழி. ஆழம் 0.2 மி.மீ. வாயிலிருந்து தள்ளி இருப்பதால் தீட்டுவதற்கு இடைஞ்சல் இல்லை.

அதே பட்டையின் மீதித் துண்டில் இன்னொரு அலகு அடித்தேன். கடைசி இரண்டு சூட்டையும் மங்கிய சிவப்பில், எடை குறைந்த சுத்தியலால், பட்டடையையும் சுத்தியல் முகத்தையும் தண்ணீரில் நனைத்து முடித்தேன். தண்ணீர் நீராவியாக வெடித்துச் செதிலைத் தெறிக்க வைக்கிறது. செதில் முகத்துக்குள் அமுங்கித் தழும்பாவதில்லை. கண்ணாடி அணியாமல் இதைச் செய்யக் கூடாது, செதில் கண்ணை நோக்கித்தான் பறக்கும். ஆறுவதற்கு முன்பே முதுகைக் கண்ணால் ஓட்டிப் பார்த்து, கொட்டாப்புளியால் நேராக்கி, முறுக்கையும் எடுத்துவிட்டேன். தழும்பின் ஆழம் 0.2 மி.மீ.க்கு மேல் எங்குமில்லை. முரட்டு அரமும் மென் அரமும் சேர்த்து ராவும் வேலை இரண்டே கால் மணி நேரத்தில் முடிந்தது. தோய்ச்சலில் வந்த வளைவு, ஃபீலர் கேஜின் 0.1 மி.மீ. தகடு மட்டும் நுழையும் அளவு.